வேலைத்தளத்தில் சுயவிருத்தியும் அனைவரையும் உட்படுத்தும் தலைமைத்துவமும்

வணிகக் கல்வி – முகாமைத்துவச் செயற்பாடுகள்
மீட்டல் பாடமும் மாதிரி வினா விடைகளும்

இப்பாடத்தைக் கற்றதன் பின்னர் மாணவர்,
• தலைமைத்துவம், சுயவிருத்தி, ஒத்துணர்வு ஆகிய பதங்களை விளக்குவர்.
• இரக்கத்துக்கும் ஒத்துணர்வுக்கும் உள்ள வேறுபாட்டை உதாரணத்துடன் காட்டுவர்.
• தலைமைத்துவம் பற்றிய பிரதான கருத்துக்களை ஆண்டுகளுடன் குறிப்பிடுவர்.
• தரப்பட்ட ஒரு சம்பவத்தில் தலைவர் எடுத்த தீர்மானங்களை ஆராய்ந்து எழுதுவர்.

1. அறிமுகம்

திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல் என்பன முகாமைத்துவத்தின் பிரதான செயற்பாடுகள் என்பதை நாம் முன்னைய பாடத்தில் கற்றோம். இவற்றுள் நெறிப்படுத்தல் மனிதருடன் நேரடியாகத் தொடர்புபட்டது. தொடர்பாடல், ஊக்கப்படுத்தல், தலைமைத்துவம் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும்.

நிறுவனத்தின் நோக்கங்களை அடையும் பொருட்டு ஊழியர்கள் விருப்பத்துடன் செயற்படும் வகையில் அவர்கள்மீது செல்வாக்குச் செலுத்தும் ஆற்றலே தலைமைத்துவம் ஆகும். இவ்வரைவிலக்கணத்தில் 'விருப்பத்துடன்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். பயத்தினால் வேலை நடக்கும் இடத்தில் அதிகாரம் இருக்கலாம். அங்கு தலைமைத்துவம் இருக்கின்றது என்று கூற முடியாது.

தலைமைத்துவம் பற்றிய வினாவுக்குப் பல மாணவர்கள் 'நல்ல தலைவர் அன்பானவர், பொறுமையானவர், நேர்மையானவர்' எனக் குணங்களை மட்டும் அடுக்கி விடுகின்றனர். இதற்கு முழுப் புள்ளி கிடைப்பதில்லை. தலைவரின் குணம் எந்தத் தீர்மானமாக, எந்த ஏற்பாடாக மாறியது என்று எழுதினாலே விடை நிறைவு பெறும். இப்பாடம் முழுவதும் நாம் கவனிக்கப் போவது இந்த ஒரு விடயத்தையே ஆகும்.

2. அடிப்படை எண்ணக்கருக்கள்

சுயவிருத்தி: ஒருவர் தமது பலத்தையும் பலவீனத்தையும் அறிந்து, அறிவையும் திறனையும் மனப்பாங்கையும் தொடர்ச்சியாக வளர்த்துக் கொள்ளல்.

ஒத்துணர்வு: மற்றவரின் நிலையில் தம்மை வைத்துப் பார்த்து, அவரது உணர்வையும் தேவையையும் விளங்கி, அதற்கேற்பச் செயற்படல்.

அனைவரையும் உட்படுத்தும் தலைமைத்துவம்: இனம், மொழி, மதம், பால், வயது, உடல் இயலாமை, குடும்பப் பின்னணி ஆகிய வேறுபாடுகளினால் எவரும் ஒதுக்கப்படாமல், ஒவ்வொருவரும் தமது பங்களிப்பை வழங்கக்கூடியவாறு வேலையை அமைக்கும் தலைமைத்துவம்.

இரக்கம், ஒத்துணர்வு ஆகிய இரண்டையும் மாணவர்கள் ஒன்றாகக் கருதுவதுண்டு. நமது மாவட்டத்து உதாரணம் ஒன்றைப் பார்ப்போம்.

2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகருக்கு வேலைக்கு வந்தவர்கள் 'பாதை'யில் ஏறியே துறையைக் கடக்க வேண்டியிருந்தது. ஒரு பாதை தவறினால் அடுத்தது வரும்வரை கரையில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அக்காலத்தில் நகரில் இருந்த ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்வோம். ஊழியர் ஒருவர் கிழமையில் இரண்டு நாள் அரை மணித்தியாலம் பிந்தி வருகின்றார். அவரது முகாமையாளர் மூன்று விதமாக நடந்து கொள்ளலாம்.

(அ) வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவார். விதி காக்கப்படும். ஆனால் காரணம் அப்படியே இருக்கும்.
(ஆ) 'பாவம், தூரத்திலிருந்து வருகின்றார்' என்று கண்டும் காணாமல் விடுவார். இது இரக்கம். மற்ற ஊழியர்கள் முணுமுணுப்பர். பிந்தி வருபவரும் குற்ற உணர்வுடனேயே வேலை செய்வார்.
(இ) அவரை அழைத்து விசாரித்து, பாதையின் நேரத்தைக் கேட்டறிந்து, அவரது வேலை நேரத்தை அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கிப் பிந்தி முடியுமாறு மாற்றுவார். அதே வசதி துறை கடந்து வரும் ஏனையோருக்கும் உண்டு என்று அறிவிப்பார். இதுவே ஒத்துணர்வுள்ள தலைமைத்துவம்.

மூன்றாவது முறையில் வேலை நேரம் குறையவில்லை, விதியும் மீறப்படவில்லை. ஊழியரின் நிலையை அறிந்து விதி திருத்தப்பட்டுள்ளது. எனவே இரக்கம் உணர்ச்சியோடு நின்றுவிடும். ஒத்துணர்வு ஓர் ஏற்பாடாக மாறும் என நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

3. தலைமைத்துவம் பற்றிய பிரதான கருத்துக்கள்

பின்வருவனவற்றை ஆண்டுகளுடன் மனத்தில் பதித்துக் கொள்க.

(i) ஹோதோர்ன் ஆய்வுகள் (1924 – 1932): ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோவுக்கு அருகில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் நடைபெற்றவை. எல்டன் மேயோவின் பெயருடன் இவை தொடர்புபடுத்தப்படுகின்றன. வெளிச்சம், ஓய்வு நேரம் போன்ற பௌதிகக் காரணிகள் மட்டுமன்றி, தம்மீது கவனம் செலுத்தப்படுகின்றது என்ற உணர்வும் குழு உறவுகளும் ஊழியரின் உற்பத்தித்திறனைப் பாதிக்கும் என்ற கருத்து இதிலிருந்து வளர்ந்தது. ஆய்வு முறையில் குறைகள் இருந்ததாகப் பிற்காலத்தவர் சுட்டிக்காட்டினாலும், முகாமைத்துவத்தின் பார்வையை மனிதர் பக்கம் திருப்பிய பெருமை இதற்குரியது.

(ii) மேரி பார்க்கர் பொலற் (1868 – 1933): பிறர்மீது செலுத்தும் அதிகாரத்தையும் பிறருடன் சேர்ந்து செயற்படுத்தும் அதிகாரத்தையும் வேறுபடுத்திக் காட்டினார்.

(iii) கேர்ட் லெவினும் சகாக்களும் (1939): எதேச்சாதிகாரம், ஜனநாயகம், தலையிடாமை என மூன்று தலைமைத்துவப் பாணிகளைச் சிறுவர் குழுக்களில் ஆராய்ந்தனர். எதேச்சாதிகாரத் தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை தளர்ந்தது. ஜனநாயகத் தலைவர் வெளியேறிய பின்பும் வேலை தொடர்ந்தது.

(iv) ஏபிரகாம் மாஸ்லோ (1943): தேவைப் படிநிலை. உடலியல், பாதுகாப்பு, சமூகத் தேவைகளுக்கு மேல் கௌரவமும் தன்னிறைவாக்கமும் அமைகின்றன.

(v) டக்ளஸ் மக்கிரகர் (1960): மனிதர் வேலையை வெறுப்பவர் என்ற எக்ஸ் கோட்பாடு, தகுந்த சூழலில் பொறுப்பை ஏற்பவர் என்ற வை கோட்பாடு.

(vi) ரொபர்ட் கிறீன்லீவ் (1970): முதலில் சேவகர், பின்னரே தலைவர் என்ற சேவகத் தலைமைத்துவக் கருத்து.

(vii) டானியல் கோல்மன் (1995): மனவெழுச்சி நுண்ணறிவு பற்றிய கருத்தைப் பரவலாக்கினார். தன்னை அறிதல், தன்னைக் கட்டுப்படுத்தல், உள்ளார்ந்த ஊக்கம், ஒத்துணர்வு, சமூகத் திறன் என ஐந்து கூறுகளை அவர் விளக்கினார். இவ்வரிசையில் தன்னை அறிதல் முதலிலும் ஒத்துணர்வு நான்காவதாகவும் வருவதைக் கவனிக்க. சுயவிருத்தி இல்லாதவர் பிறரை விளங்கிக் கொள்வது கடினம்.

இது மேல்நாட்டுச் சிந்தனை மட்டுமன்று. திருக்குறளின் 52ஆவது அதிகாரமான 'தெரிந்துவினையாடல்' ஆளின் தகுதியை ஆராய்ந்து அவருக்குரிய வேலையை ஒப்படைப்பது பற்றியே பேசுகின்றது.

4. சம்பவக் கற்கை: மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலை

மேற்கூறிய கருத்துக்கள் ஒரு நிறுவனத்தில் எவ்வாறு செயல் வடிவம் பெற்றன என்பதைக் காட்ட வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் வாழ்க்கை சிறந்த உதாரணமாகும். ஹாவார்ட் வணிகக் கல்லூரியும் 1993ஆம் ஆண்டு இவ்வைத்தியசாலையைச் சம்பவக் கற்கையாக எடுத்துக் கொண்டது.

தனிப்பட்ட வாழ்க்கை

1918ஆம் ஆண்டு தென் தமிழ்நாட்டின் வடமலாபுரம் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் மருத்துவம் கற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். மகப்பேற்று வைத்தியராக வர வேண்டும் என்பதே அவரது விருப்பமாக இருந்தது. ஆனால் கடுமையான மூட்டுவாத நோய் அவரைத் தாக்கியது. நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். விரல்கள் நிரந்தரமாக வளைந்து போயின. பேனாவைப் பிடிப்பதே சிரமமாயிற்று. 1948இல் இராணுவத்திலிருந்து விலக நேர்ந்தது.

அவர் துறையை மாற்றிக் கண் மருத்துவம் கற்றார். வளைந்த விரல்களினால் நுண்ணிய சத்திரசிகிச்சைக் கருவிகளைப் பிடிக்கச் சிறிது சிறிதாகப் பழகினார். பின்னர் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்தார். தமது வாழ்நாளில் 100,000இற்கும் அதிகமான கண் சத்திரசிகிச்சைகளைச் செய்தார்.

1976ஆம் ஆண்டு, 58 வயதில் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றதும், 11 கட்டில்களுடன் மதுரையில் ஒரு வீட்டில் வைத்தியசாலையைத் தொடங்கினார். அவரது சகோதரி வைத்தியர் நாச்சியார், அவரது கணவர் வைத்தியர் நம்பெருமாள்சாமி உட்படக் குடும்பத்தினர் பலர் இணைந்து கொண்டனர். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழித்தல் என்பதே நோக்கம். 2006ஆம் ஆண்டு அவர் காலமானபோது அது உலகின் மிகப் பெரிய கண் சிகிச்சை நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்திருந்தது.

முக்கிய தீர்மானங்கள்

தீர்மானம் 1 – 'இலவசம்' போதாது என்று கண்டறிந்தமை.
கிராமங்களில் கண் முகாம்கள் நடத்தி, கண்புரை உள்ளவர்களுக்கு இலவச சத்திரசிகிச்சை வழங்க அழைத்தனர். எனினும் அழைக்கப்பட்டோரில் பெரும்பாலானோர் வரவில்லை. அவர்களை அறியாமையுள்ளவர்கள் என்று ஒதுக்கி விடாமல், ஏன் வரவில்லை என்று விசாரித்தனர். பஸ் கட்டணம் இல்லை, சாப்பாட்டுச் செலவுக்கு வழியில்லை, கூட வர ஆளில்லை, கத்தி வைப்பதற்குப் பயம், வீட்டை விட்டு வர முடியாது என்ற காரணங்கள் வெளிவந்தன. இதன் விளைவாகப் போக்குவரத்து, உணவு, தங்குமிடம் ஆகியனவும் இலவச சிகிச்சையுடன் சேர்க்கப்பட்டன. ஒரே ஊரிலிருந்து பலரைக் கூட்டமாக அழைத்து வந்து கூட்டமாகத் திருப்பி அனுப்பும் முறையினால் பயமும் தனிமையும் குறைந்தன.

தீர்மானம் 2 – கிராமத்து யுவதிகளுக்குத் தொழில்.
பாடசாலைக் கல்வியை முடித்த கிராமத்து யுவதிகளைத் தெரிவு செய்து, இரண்டு வருடப் பயிற்சி வழங்கி, கண் பரிசோதனை, அளவெடுத்தல், நோயாளியைத் தயார்படுத்தல், சத்திரசிகிச்சைக்கு உதவுதல், ஆலோசனை கூறல் ஆகிய வேலைகளை ஒப்படைத்தனர். இன்று நிறுவனத்தின் ஊழியர்களில் பெரும்பான்மையினர் இவர்களே. நோயாளி பேசும் பேச்சும் அவரது வீட்டு நிலைமையும் இவர்களுக்கு இயல்பாகவே விளங்கும். வேறு இடத்தில் குறையாகக் கருதப்படக்கூடிய கிராமப் பின்னணி இங்கு தகைமையாயிற்று.

தீர்மானம் 3 – வேலைப் பகிர்வு.
பயிற்சி பெற்ற யுவதிகள் ஆயத்த வேலைகளைச் செய்வதால் வைத்தியர் சத்திரசிகிச்சையில் மட்டும் கவனம் செலுத்துகின்றார். ஒரு மேசையில் சிகிச்சை முடிந்ததும், அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். இதனால் வைத்தியரின் நேரம் வீணாவதில்லை; ஒரு நோயாளிக்கான செலவும் குறைகின்றது.

தீர்மானம் 4 – பணம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே வைத்தியர்.
கட்டணம் செலுத்துவோரிடமிருந்து கிடைக்கும் வருமானம் ஏனையோரின் சிகிச்சைக்கு உதவுகின்றது. அறை வசதியில் வேறுபாடு உண்டு. ஆனால் வைத்தியர்கள் இரு பகுதிகளிலும் மாறி மாறிக் கடமையாற்றுவர்.

தீர்மானம் 5 – மூலப்பொருளைத் தாமே உற்பத்தி செய்தல்.
கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகள் இறக்குமதியில் மிகுந்த விலையாக இருந்தமையால், 1992ஆம் ஆண்டு அரோலாப் என்ற உற்பத்தி நிலையம் தொடங்கப்பட்டது. வில்லையின் விலை பல மடங்கு குறைந்தது.

5. சம்பவத்திலிருந்து கற்பன

(அ) தன் குறையை அறிந்தமை (தன்னை அறிதல்) → தனக்குப் பொருந்தும் துறையையும் முறையையும் தேடிக்கொண்டமை.
(ஆ) வராத நோயாளியின் நிலையில் நின்று பார்த்தமை (ஒத்துணர்வு) → போக்குவரத்தும் உணவும் சேர்க்கப்பட்டமை.
(இ) ஒதுக்கப்படக்கூடியவர்களிடம் ஆற்றலைக் கண்டமை (உட்படுத்தல்) → பயிற்சித் திட்டம்.
(ஈ) மனிதர்மீது நம்பிக்கை வைத்தமை (வை கோட்பாடு) → பொறுப்புப் பகிர்வு.

ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் ஒரு குணமும் வலப்பக்கம் ஓர் ஏற்பாடும் இருப்பதைப் பாருங்கள். பரீட்சையில் இரண்டு பக்கமும் எழுதப்பட வேண்டும்.

மேலும் ஒன்றைக் கவனத்திற் கொள்க. இவ்வைத்தியசாலையில் வேலை வேகமும் ஒழுங்கும் மிகவும் கண்டிப்பானவை. ஒத்துணர்வு என்பது வேலையைத் தளர்த்தி விடுவதன்று. உயர்ந்த தரத்தை எதிர்பார்த்து, அதை அடைவதற்குத் தேவையான பயிற்சியையும் வசதியையும் வழங்குவதே அதன் பொருள்.

6. நமது சூழலில் பிரயோகம்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் எந்த ஓர் இனத்தவரும் மொத்தச் சனத்தொகையில் அரைவாசிக்கு மேல் இல்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் துறைமுகம், மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்க் குதங்கள், உல்லாச விடுதிகள், அரச அலுவலகங்கள் என ஒரே வேலைத்தளங்களில் சந்திக்கின்றனர். எனவே உட்படுத்தும் தலைமைத்துவம் நமக்குப் பாடநூல் விடயம் மட்டுமன்று.

இதற்கு ஆதாரமான சில சட்ட ஏற்பாடுகள்:
• 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று.
• அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை இயலாமையுடையோருக்கு வழங்குமாறு 1988ஆம் ஆண்டு பொது நிர்வாகச் சுற்றறிக்கை பணித்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கின்றது.
• 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களின் பின், தனியார் துறைப் பெண் ஊழியர்களுக்கும் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு.

சட்டம் குறைந்தபட்ச எல்லையை மட்டுமே வகுக்கும். பாதுகாப்பு அறிவித்தலை இரு மொழிகளிலும் ஒட்டுதல், எழுத்து வாசிக்கச் சிரமப்படுவோருக்கு வாசித்துக் காட்டுதல், வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் கூட்டம் வைக்காதிருத்தல், நோன்பு காலத்திலும் பண்டிகைக் காலத்திலும் ஊழியர் தமக்குள் முறை மாற்றிக் கொள்ள அனுமதித்தல், கடைசி பஸ் போவதற்கு முன் பெண் ஊழியரின் வேலை முடியுமாறு முறை வகுத்தல் என்பன அதற்கு மேல் ஒரு தலைவர் செய்யக்கூடியவை. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. கேட்டறியும் மனம் தேவை.

இவ்விடத்தில் எனது வகுப்பறையில் நடந்த ஒன்றையும் கூற வேண்டும். பின் வாங்கில் இருந்த ஒரு மாணவி கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதுவதேயில்லை. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துக் கொண்டிருப்பார். கவனமில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் பல தடவை கண்டித்தேன். அவருக்குத் தூரப் பார்வை தெளிவில்லை என்பது பல மாதங்களின் பின்னரே எனக்குத் தெரிய வந்தது. அதுவரை ஒரு தடவையேனும் 'ஏன்' என்று நான் கேட்கவில்லை. அதன்பின் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மன்னிப்பு அவருக்கு மட்டுமே உதவும். ஆகவே ஒவ்வொரு புதிய வகுப்பிலும் முதற்கிழமை பின் வாங்கில் இருப்போரிடம் பலகை தெரிகின்றதா என்று தனித்தனியே கேட்பதையும், மாதமொரு முறை இடம் மாற்றி இருத்துவதையும் வழக்கமாக்கிக் கொண்டேன். அந்த மாணவிக்குப் பின் வருபவர்களுக்கு உதவுவது இந்த வழக்கமே.

7. வரையறைகள்

• எல்லோரிடமும் கருத்துக் கேட்பதால் தீர்மானம் எடுக்கத் தாமதமாகலாம். தீ விபத்துப் போன்ற அவசர நிலையில் உடனடிக் கட்டளையே பொருத்தமானது.
• ஒருவருக்கு மட்டும் சலுகை வழங்கினால் அது பாரபட்சமாகத் தோன்றும். எனவே ஏற்பாடு வெளிப்படையாக இருக்க வேண்டும்.
• பிறர் சுமையை எந்நேரமும் சுமக்கும் தலைவர் மனச் சோர்வடையலாம். தம்மைப் பேணுவதும் சுயவிருத்தியின் ஒரு பகுதியே.

8. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: இரக்கம், ஒத்துணர்வு ஆகியவற்றை வேறுபடுத்துக. (4 புள்ளிகள்)
விடை: இரக்கம் பிறர் துன்பத்தைக் கண்டு வருந்துவதாகும். ஒத்துணர்வு அவரது நிலையில் நின்று காரணத்தை விளங்கி அதற்கேற்பச் செயற்படுவதாகும். உதாரணமாக, பிந்தி வரும் ஊழியரைக் கண்டும் காணாமல் விடுவது இரக்கம். போக்குவரத்து நேரத்தை அறிந்து அனைவருக்கும் பொருந்தும் நெகிழ்வான வேலை நேரத்தை அறிமுகப்படுத்துவது ஒத்துணர்வு.

வினா 2: 'சுயவிருத்தி இன்றித் தலைமைத்துவம் இல்லை.' சம்பவக் கற்கையைத் துணையாகக் கொண்டு விளக்குக. (6 புள்ளிகள்)
விடைக் குறிப்பு: கோல்மனின் முதலாவது கூறு தன்னை அறிதல் (1). வெங்கடசாமி நோயினால் விருப்பத் துறையை இழந்தமை (1). கண் மருத்துவத்தைத் தெரிந்து கைப்பழக்கத்தை மீள உருவாக்கியமை (2). ஓய்வு வயதில் புதிய நிறுவனம் தொடங்கியமை (1). தமது அனுபவத்தைப் பிறர் ஆற்றலை வளர்க்கும் பயிற்சித் திட்டங்களுடன் தொடர்புபடுத்தல் (1).

வினா 3: பல மொழி பேசும் 30 ஊழியர்கள் உள்ள பொதியிடல் நிலையம் ஒன்றில், ஒரே மொழியில் ஒட்டப்பட்ட அறிவித்தலை விளங்காத ஊழியர் ஒருவர் காயமடைகின்றார். முகாமையாளர் மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கைகளைக் கூறுக. (5 புள்ளிகள்)
விடைக் குறிப்பு: சிகிச்சையும் நட்டஈடும்; ஊழியரைக் குற்றஞ்சாட்டாமல் காரணத்தை விசாரித்தல்; இரு மொழிகளிலும் படங்களுடனும் அறிவித்தல்; ஒவ்வொரு மொழிக் குழுவிலும் பாதுகாப்புப் பொறுப்பாளர் நியமித்தல்; மாதாந்தக் கூட்டத்தில் பின்னூட்டல் பெறுதல்.

9. பயிற்சி வினாக்கள்

1. லெவினின் மூன்று தலைமைத்துவப் பாணிகளையும் ஒப்பிடுக.
2. அரவிந்த் வைத்தியசாலையின் தீர்மானங்களுள் இரண்டை மாஸ்லோவின் தேவைப் படிநிலையுடன் தொடர்புபடுத்துக.
3. உமது பாடசாலையிலோ விளையாட்டுக் கழகத்திலோ ஒதுக்கப்படக்கூடிய ஒருவரை உட்படுத்துவதற்கு நீர் செய்யக்கூடிய ஓர் ஏற்பாட்டை விபரிக்குக.

மாணவர்களே, மூன்றாவது வினாவுக்கு இப்புத்தகத்தில் விடை தரப்படவில்லை. உங்கள் வகுப்பறையைத் திரும்பிப் பாருங்கள். யார் பேசுவதில்லை, யார் தனியே இருக்கின்றார் என்று கவனித்து, அவரிடம் காரணத்தைக் கேட்ட பின்னரே விடையை எழுதுங்கள். இன்னும் சில வருடங்களில் உங்களில் பலர் பிறரை வேலை வாங்கும் இடத்தில் இருப்பீர்கள். அன்று இவ்வினா புள்ளியில்லாமல் மீண்டும் உங்களிடம் வரும்.